கத்திரி வெயில், ஆடிக்காற்று, ஐப்பசி மழை... அயர்ன்மேன் பயிற்சிக்கு நம் ஊர் வானிலை சொல்லித்தரும் பாடங்கள்!

2016 செப்டம்பர் 18. மெக்சிகோவின் கோசுமெல் தீவில் உலக டிரையத்லான் தொடரின் இறுதிப் போட்டி. இங்கிலாந்தின் ஜானி பிரௌன்லீ முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எல்லைக்கோட்டுக்கு இன்னும் சில நூறு மீட்டர்தான். திடீரென்று அவர் கால்கள் பின்னின. சாலையோரமாகத் தள்ளாடிப்போய் நின்றுவிட்டார்.

பின்னால் வந்துகொண்டிருந்த அவருடைய அண்ணன் அலிஸ்டர், தம்பியின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு இழுத்துக்கொண்டே ஓடினார். எல்லைக்கோடு வந்ததும் தம்பியைத் தனக்கு முன்னால் தள்ளிவிட்டார். ஜானிக்கு இரண்டாமிடம் கிடைத்தது. தென்னாப்பிரிக்காவின் ஹென்றி ஸ்கூமன் ஜெயித்தார்.

அந்த வீடியோவை உலகமே அண்ணன்-தம்பி பாசத்துக்காகப் பார்த்தது. ஆனால், அதில் பார்க்க வேண்டிய இன்னொரு விஷயமும் உண்டு. ஒலிம்பிக் பதக்கம் வென்ற, 26 வயது உடம்பையே வெயிலும் ஈரப்பதமும் சேர்ந்து சாய்த்துவிட்டன!

ஐந்து ஆண்டுகள் கழித்து டோக்கியோ ஒலிம்பிக். வெயிலுக்குப் பயந்து ஆண்கள் டிரையத்லானைக் காலை ஆறரை மணிக்கே தொடங்கினார்கள். அதில் தங்கம் வென்றவர் நார்வேயின் கிறிஸ்டியன் புளும்மென்ஃபெல்ட். ஐரோப்பாவிலேயே அதிகம் மழை பெய்யும் ஊர்களில் ஒன்றான பெர்கன்தான் அவர் சொந்த ஊர். வெயிலையே அதிகம் பார்க்காத ஊர்க்காரர், வெயிலுக்கென்றே தனியாக உடம்பைப் பழக்கிக்கொண்டு வந்து ஜெயித்தார்.

அப்படியானால், வெயில், காற்று, மழை மூன்றும் வாசலுக்கே வந்து நிற்கும் நம் ஊர்க்காரர்கள் எப்படிப் பழக வேண்டும்?

அயர்ன்மேன் என்றால் என்ன?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து முடிப்பதுதான் டிரையத்லான். ஒலிம்பிக்கில் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு அறிமுகமானது.

இதன் பெரியண்ணன்தான் அயர்ன்மேன். 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், அதன்பிறகு 42.2 கி.மீ. முழு மாரத்தான். பெரும்பாலான போட்டிகளில் 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 1978 பிப்ரவரி 18 அன்று ஹவாயில் ஜான் காலின்ஸ், ஜூடி காலின்ஸ் தம்பதி இதைத் தொடங்கிவைத்தபோது கலந்துகொண்டவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர். கார்டன் ஹாலர் என்பவர் 11 மணி 46 நிமிடங்களில் முதலாவதாக வந்தார்.

இதில் சரிபாதி தூரத்துக்கு '70.3' என்று பெயர். 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். மூன்றையும் மைல் கணக்கில் கூட்டினால் வரும் எண்தான் 70.3. இதற்கான நேரம் எட்டரை மணி. அதிலும் நீச்சலை முதல் 1 மணி 10 நிமிடங்களுக்குள் முடித்தால்தான் சைக்கிளைத் தொட முடியும்.

இந்தியாவில் இந்தப் போட்டி 2019 முதல் கோவாவில் நடக்கிறது. தேஜஸ்வி சூர்யா 2024-லும், அண்ணாமலை 2025-லும் இங்கே முடித்தபிறகு அரசியல் செய்திகளிலும் இந்தப் பெயர் அடிபட்டது. 'பையா' படத்தில் வில்லனாக வந்த மிலிந்த் சோமன், 50-ஐ நெருங்கும் வயதில் 2015-ல் சூரிச்சில் முழு அயர்ன்மேனையே 15 மணி 19 நிமிடங்களில் முடித்தார். இந்தி நடிகை சயாமி கெர், 2024-ல் ஜெர்மனியில் 70.3-ஐ முடித்தார். முழுநேர விளையாட்டு வீரர்கள் அல்லாதவர்களும், பயிற்சி இருந்தால் முடிக்கக்கூடிய போட்டி இது.

ஐந்து மாதங்கள், மூன்று வானிலை

கோவா போட்டி நடந்த தேதிகளைப் பாருங்கள். 2019 அக்டோபர் 20, 2022 நவம்பர் 13, 2023 அக்டோபர் 8, 2024 அக்டோபர் 27, 2025 நவம்பர் 9. தென்மேற்குப் பருவமழை விலகி, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலம். நம் கணக்கில் புரட்டாசி கடைசியும் ஐப்பசியும்.

ஓரளவு ஓடவும் சைக்கிள் ஓட்டவும் தெரிந்தவருக்கே ஐந்து, ஆறு மாதப் பயிற்சி தேவை. வேலைக்குப் போய்க்கொண்டே வாரத்துக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் ஒதுக்க வேண்டும். அப்படிப் பின்னோக்கி எண்ணினால், பயிற்சி தொடங்குவது வைகாசியில்.

ராஜபாளையத்தை அடுத்த செட்டியார்பட்டியிலிருந்து ஒருவர் இந்த ஆசையோடு கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. கிழக்கே போகப் போகக் கரிசல் காடு. வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர், தெற்கே தென்காசி என்று மலையடிவாரத்தை ஒட்டியே ஓடும் நெடுஞ்சாலை. கடலோ சாலை வழியாக நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, தூத்துக்குடிப் பக்கம் இருக்கிறது. இந்த ஐந்து மாதங்களில் கத்திரி வெயிலின் மிச்சம், ஆடிக்காற்று, ஐப்பசி மழை மூன்றும் அவர் தலைக்கு மேலே கடந்துபோகும். "நல்ல வானிலை வரட்டும், ஆரம்பிக்கலாம்" என்று காத்திருந்தால் போட்டித் தேதியே முடிந்துவிடும்!

வெயில் - இரண்டு வாரம் பொறுங்கள்

உடம்பு வெயிலுக்குப் பழகும், ஆனால் ஒரே நாளில் பழகாது. வெப்பத்தில் தினமும் மிதமாக உழைத்தால் 10 முதல் 14 நாள்களில் மாற்றங்கள் தெரியும். ரத்தத்தில் திரவத்தின் அளவு கூடும். வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும். வியர்வையில் வெளியேறும் உப்பின் அளவு குறையும். அதே ஓட்டத்துக்கு இதயத்துடிப்பு முன்பைவிடக் குறைவாக இருக்கும்.

அதனால், முதல் வாரம் வேகத்தை மறந்துவிட வேண்டும். முக்கியமான, கடினமான பயிற்சியை விடிவதற்கு முன்பு முடித்துவிட்டு, வெயிலுக்குப் பழக்குவதற்கென்று தனியாக 20, 30 நிமிட மெதுவான ஓட்டத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம். இதையும் உச்சிவெயிலில் செய்யத் தேவையில்லை. காலை எட்டு மணி வெயிலே நம் ஊரில் தாராளம்.

இன்னொன்று, பழகிய உடம்பு மறந்தும்விடும். ஏ.சி. அறையிலேயே இரண்டு, மூன்று வாரங்கள் கழிந்தால் கிடைத்த பலனில் பெரும்பகுதி போய்விடும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்து படுத்து எழுந்தவர்கள், விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது. மறுபடியும் முதலிலிருந்துதான்.

ஆடிக்காற்று - வேகத்தைப் பார்க்காதீர்கள்

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். சைக்கிள் எம்மாத்திரம்?

தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலை தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது வறண்டுவிடுகிறது. விருதுநகர் மாவட்டம் மழை மறைவுப் பகுதி. ஆனால், ஆரியங்காவுக் கணவாய் இருக்கும் செங்கோட்டை, தென்காசிப் பக்கம் போனால் அதே காற்று சாரலோடு வரும். ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் போய்வந்தால் நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆடி மாதத்தில் இந்த ஒரே சவாரியில், வறண்ட காற்றில் கிளம்பி சாரலில் நனைந்து திரும்பலாம்.

காற்று என்ன செய்யும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. நீங்கள் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று வீசுகிறது. உங்கள் நெஞ்சில் மோதுவது 45 கி.மீ. வேகக் காற்று. காற்றின் தடை, வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும் என்பதால், காற்றில்லாத நாளைவிட மூன்று மடங்குக்கும் அதிகமான தடையைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அப்போதும் 25-லேயே போவேன் என்று அடம்பிடித்தால், சைக்கிளிலேயே கால் தீர்ந்துபோய், அடுத்து இருக்கும் 21 கி.மீ. ஓட்டம் நடையாகிவிடும்.

ஆடிக்காற்று கற்றுத்தருவது இதைத்தான். மீட்டரில் தெரியும் வேகத்தை மறந்துவிட்டு, இதயத்துடிப்பையும் மூச்சையும் பார்த்து ஓட்ட வேண்டும். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? அதுதான் நீண்ட தூரத்துக்கான வேகம். எதிர்காற்றில் அந்த வேகம் 17 கி.மீ. என்றால் 17-தான். கோவாவிலும் கடற்காற்று எதிரே வரும். அன்றைக்கு இந்தப் பொறுமைதான் கைகொடுக்கும்.

கிளம்பும்போது எதிர்காற்று, திரும்பும்போது முதுகுக்காற்று என்று பாதையை அமைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். களைத்த நேரத்தில் காற்றே வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். பக்கவாட்டுக் காற்றில்தான் கவனம் அதிகம் தேவை. லாரியோ பஸ்ஸோ கடந்துபோகும்போது காற்று ஒரு நொடி மறைந்து, மறுபடி சட்டென்று அறையும். அந்த நேரத்தில் இரண்டு கைகளும் ஹேண்டில்பாரில் இருக்க வேண்டும்.

புழுக்கம் - தண்ணீர் மட்டும் போதாது

ஆவணியும் புரட்டாசியும்தான் நீண்ட பயிற்சிக்கான மாதங்கள். மூன்று மணி நேர சைக்கிள், அதிலிருந்து இறங்கியதும் அரை மணி நேர ஓட்டம் என்று பயிற்சி நீளும். காற்று குறைந்து, சாயங்காலம் இடிமேகம் கூடும் நாள்களில் புழுக்கம் அதிகமாக இருக்கும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஈரப்பதம் மிகுந்த காற்றில் வியர்வை காயாமல் சொட்டி வீணாகப் போகும். அதனால் 38 டிகிரி வறண்ட வெயிலைவிட, 32 டிகிரி புழுக்கம் சிலரை அதிகமாகச் சோதிக்கும்.

எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதை வீட்டுத் தராசிலேயே கண்டுபிடிக்கலாம். பயிற்சிக்கு முன் எடை 60 கிலோ. ஒரு மணி நேரம் ஓடிவிட்டு, வியர்வையைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் 59.2 கிலோ. நடுவில் குடித்த தண்ணீர் 300 மில்லி. அப்படியென்றால் இழந்த வியர்வை 1.1 லிட்டர். இதை வெவ்வேறு வானிலையில் நான்கைந்து முறை குறித்துவைத்தால், உங்கள் உடம்பின் கணக்கு உங்களுக்கே புரிந்துவிடும்.

அதற்காக வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, வாந்தி, மனக்குழப்பம், வலிப்பு வரை போகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்ட 488 பேரில் 13 சதவிகிதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓடியபோது எடை கூடியவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம் இருந்தது. அதாவது, இழந்ததைவிட அதிகமாகக் குடித்தவர்கள்!

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் குறிப்பிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கலக்குவது, உப்புப் போட்ட நீர்மோர், பயிற்சி முடிந்ததும் கம்பங்கூழ் என நம் வீட்டுப் பொருள்களே இதற்கு உதவும். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டு உப்பைக் கூட்டுங்கள். சைக்கிளில் போகும்போது சாப்பிட விலை உயர்ந்த எனர்ஜி பார்தான் வேண்டும் என்பதில்லை. கோவில்பட்டிக் கடலைமிட்டாய், வாழைப்பழம், பேரீச்சை என்று எது வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதோ அது போதும். ஆனால், அதைப் பயிற்சியிலேயே பலமுறை சாப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். போட்டியன்று எதையும் புதிதாக முயற்சி செய்யக் கூடாது.

மழை - நனையலாம், இடிக்கு மட்டும் ஒதுங்குங்கள்

ஐப்பசியில் மழை தொடங்கும்போது போட்டி நெருங்கிவிடும். கடைசி இரண்டு வாரங்கள் எப்படியும் பயிற்சியைக் குறைக்க வேண்டிய காலம். அதனால் இரண்டு நாள் மழையில் பயிற்சி நின்றுபோனாலும் பதற்றம் வேண்டாம். ஐந்து மாத உழைப்பு இரண்டு நாளில் கரைந்துவிடாது. விட்டதைப் பிடிக்கிறேன் என்று மூன்றாம் நாள் இரட்டிப்பாக ஓடினால்தான் கால் பிடித்துக்கொள்ளும்.

தூறலில் ஓடிப் பழகுவது நல்லதுதான். போட்டியன்று மழை வந்தால் மிரள மாட்டோம். நனைந்த காலுறை கொப்புளம் போடும் என்பதால் விரல்களிலும் குதிகாலிலும் வாசலின் தடவிக்கொள்ளலாம். நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்துவைத்தால் மறுநாளைக்குக் காய்ந்துவிடும். சைக்கிளில் பிரேக்கை முன்கூட்டியே பிடிக்க வேண்டும். முதல் மழையில் சாலையில் படிந்த எண்ணெய் மேலே மிதக்கும். வெள்ளைக்கோடும் வழுக்கும். கரிசல் பாதைப் பக்கம் போகவே வேண்டாம். ஒரு மழை பெய்தால் போதும், ஷூவோடு ஒரு கிலோ மண்ணும் சேர்ந்து ஓடிவரும்.

இடி கேட்டால் அன்றைய பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். தண்ணீரிலிருந்தும் திறந்தவெளியிலிருந்தும் உடனே விலகி, கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆனபிறகுதான் வெளியே வர வேண்டும். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

தென் மாவட்டங்களில் மழை எப்போது எப்படி மாறும் என்பதை சமீப வருடங்களே காட்டிவிட்டன. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. 2024 மே 17-ல், கோடையிலேயே பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். பயிற்சிக்குக் கிளம்பும் முன் வானிலை மையத்தின் எச்சரிக்கையைப் பார்ப்பது, ஷூ கயிறு கட்டுவதைப் போல வழக்கமாக வேண்டும்.

நீச்சலில்தான் ஆபத்து அதிகம்

வெயிலுக்கும் காற்றுக்கும் மழைக்கும் பழகியபிறகும் உயிர்க்கணக்கில் கவனிக்க வேண்டியது நீச்சல்தான். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த உயிரிழப்புகளையும் மாரடைப்பு நிகழ்வுகளையும் ஓர் ஆய்வு தொகுத்தது. மொத்தம் 135 பேர். அவர்களில் 90 பேருக்கு அது நேர்ந்தது நீச்சலின்போது. பாதிக்கப்பட்டவர்களில் 85 சதவிகிதம் பேர் ஆண்கள். சராசரி வயது 47.

நாற்பது வயதில் "நாமும் ஒரு கை பார்ப்போம்" என்று இறங்குபவர்கள் இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன்பு இதய நிபுணரைப் பார்ப்பது அவசியம். குடும்பத்தில் சின்ன வயதில் மாரடைப்பு வந்தவர்கள் இருந்தால் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

கிணற்றில் குதித்து நீந்தக் கற்றவர்கள் நம் ஊரில் ஏராளம். ஆனால் கிணற்று நீச்சல் வேறு, 1.9 கி.மீ. நீச்சல் வேறு. 25 மீட்டர் நீச்சல்குளத்தில் இது 76 முறை கடக்கும் தூரம். அங்கேயாவது ஒவ்வொரு முறையும் சுவரைப் பிடிக்கலாம், தரை தெரியும். கடலில் இரண்டும் இல்லை. அலை முகத்தில் அடிக்கும், பக்கத்தில் நீந்துபவரின் கால் இடிக்கும், திசை தெரியாது. ஐரோப்பியப் போட்டிகளில் குளிருக்காக அணியும் மிதவைத்தன்மை உள்ள உடை, கோவா போன்ற வெதுவெதுப்பான கடலில் துணைக்கு வராது.

அதற்காகக் கண்மாயில் இறங்கிப் பழகுவது சரியான வழியில்லை. மழைக்காலத்தில் கண்மாய் நிறைந்திருக்கும்போது சேறும் கொடிகளும் காலைச் சுற்றும். மடை திறந்திருந்தால் இழுக்கும். குளத்தில் தூரத்தையும் மூச்சையும் பழகிக்கொண்டு, கடைசி இரண்டு மாதங்களில் சில முறை பயிற்சியாளரோடும் பாதுகாப்புப் படகோடும் கடலில் நீந்திப் பார்ப்பதுதான் முறை. தனியாக ஒருபோதும் வேண்டாம். 1954-ல் பாக் நீரிணையைக் கடந்த யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு நவரத்தினசாமி முதல், 1994-ல் ஒரே வருடத்தில் ஆறு நீர்ச்சந்திகளை நீந்திய சிறுவன் குற்றாலீஸ்வரன் வரை, தமிழர்களுக்குக் கடல் நீச்சல் புதிதல்ல. அந்தச் சாதனைகளின்போதும் பக்கத்திலேயே படகு வந்துகொண்டுதான் இருந்தது.

எப்போது நிறுத்த வேண்டும்?

தலைசுற்றல், குமட்டல், வெயிலிலும் உடம்பு சில்லிட்டுப் போவது, நேராக ஓட முடியாமல் தள்ளாடுவது ஆகியவை உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை. "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்று தோன்றும். அங்கேதான் நிற்க வேண்டும். நெஞ்சில் இறுக்கமோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பேச்சு குழறினாலோ, இருக்கும் இடம் தெரியாமல் உளறினாலோ அது வெப்ப மயக்கம் எனும் ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிடும். 108-க்குப் போன் செய்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை கைகட்டி நிற்காதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய், ஆடையைத் தளர்த்தி, குளிர்ந்த தண்ணீரை உடம்பு முழுவதும் ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வைக்கலாம். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. குளிரவைக்கும் அந்த முதல் அரை மணி நேரம்தான் உயிரைக் காப்பாற்றும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை உண்டு

அதிகாலை நாலரை மணிக்குக் கிளம்பிப் போகிறவரை மட்டுமல்ல, வீட்டையும் சேர்த்துத்தான் இந்தப் பயிற்சி எழுப்பிவிடுகிறது. எந்தச் சாலை, எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்பதை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள். போனில் இருப்பிடத்தைப் பகிருங்கள். சைக்கிளின் முன்னும் பின்னும் விளக்கு, தலையில் ஹெல்மெட், சட்டைப்பையில் ரத்த வகையும் வீட்டுப் போன் நம்பரும் எழுதிய சீட்டு இருக்கட்டும். சொன்ன நேரத்தைத் தாண்டி அரை மணி ஆனால் போன் செய்வது என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பிவந்தால், "அதுக்குள்ள வந்துட்டியா?" என்று கேலி செய்யாமல் இருப்பது வீட்டில் இருப்பவர்களின் பங்கு. அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே வெயிலில் இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓடுபவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வந்தவருக்கு ஒரு சொம்பு மோரைக் கொடுத்து உட்காரவையுங்கள். போட்டி அடுத்த வருஷமும் வரும்.